குடியாத்தம் தந்தைக்கு: மகளைச் சென்னைக்கு அனுப்பும் முன்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். லுங்கி நெசவுக் குடும்பம். மகள் காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். "கம்பெனி வேலைக்குப் போகமாட்டாளாம். கீழ்க் கோர்ட் விசாரணையிலிருந்து ஹைகோர்ட் அப்பீல் வரை தானே நின்று நடத்த வேண்டுமாம். இதில் சோறு உண்டா? நேராகச் சென்னையில் ஒரு பெரிய சீனியரிடம் சேர்த்துவிடலாமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா?"

ஐயா, நான் வேலூரில் 27 வருடமாக வக்கீல். முதல் பதினோரு வருடம் இந்த ஜில்லா நீதிமன்றங்களைத் தாண்டியதில்லை. அப்புறம்தான் வாரம் இரண்டு நாள் காட்பாடியில் ரயிலேறி ஹைகோர்ட் போக ஆரம்பித்தேன். அந்த வரிசையில் போனதால்தான் பிழைத்தேன். அதனால் உடனே சென்னைக்கு அனுப்ப வேண்டாம். ஐந்து வருடம் இங்கே இருக்கட்டும். காரணம் பாசமோ செலவோ இல்லை. அப்பீலில் ஜெயிக்கிற வழக்கில் பாதி, விசாரணை நடக்கும்போதே ஜெயித்து முடிந்திருக்கும். அது எப்படி என்று தெரியாமல் அப்பீல் வக்கீல் ஆகிறவர் அடுத்தவர் கட்டிய வழக்குக் கட்டைப் படித்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

முதலில் ஒரு தப்பெண்ணம். அப்பீல் என்றாலே சென்னை என்று பலரும் நினைக்கிறார்கள். சிவில் வழக்கில் அடிமட்ட நீதிபதியான மாவட்ட முன்சீப் கொடுத்த தீர்ப்பின் மேல் முதல் மேல்முறையீடு, அதற்கு மேலே உள்ள சார்பு நீதிமன்றத்துக்கு, அதாவது சப் கோர்ட்டுக்குப் போகிறது. மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டில். இரண்டுமே உள்ளூரில் முடிகிற வேலை. அதைவிட முக்கியம், சிவில் வழக்கில் சம்பவங்களைப் புரட்டிப் பார்க்கிற கடைசி இடம் பொதுவாக அந்த முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான். சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின் கீழ் ஹைகோர்ட்டுக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டில் 'கணிசமான சட்டப் பிரச்சினை' ஒன்றைக் காட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். யார் நிலத்தை உழுதார், யார் வேலி போட்டார் என்றெல்லாம் அங்கே பேசினால் நீதிபதி கட்டை மூடிவிடுவார். ஆகவே உங்கள் மகள் குடியாத்தம் சார்பு நீதிமன்றத்தில் ஒரு முதல் மேல்முறையீட்டை ஒழுங்காக வாதாடினால், அதுவும் அப்பீல் தொழில்தான்.

இப்போது விசாரணைக்கு வருகிறேன். சினிமாவில் பார்க்கிற குறுக்கு விசாரணையை மறந்துவிடுங்கள். நம் ஊரில் சாட்சி கூண்டில் நிற்பார், வக்கீல் கேட்பார், நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடிப்பார். எழுத்தில் கேள்வி பெரும்பாலும் வராது, பதில் மட்டும்தான் வரும். "நான் அந்த நிலத்துக்கு வரி கட்டியதில்லை என்று சொன்னால் சரிதான்." "நான் வாதிக்காகப் பொய் சாட்சியம் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல." இந்தச் 'சரிதான்', 'சரியல்ல' நடையிலேயே பக்கம் பக்கமாக ஓடும். மூன்று வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கும். சாட்சிக்கு வியர்த்தது, சொல்ல வந்ததை விழுங்கியது எதுவும் அதில் இருக்காது. அதனால் குறுக்கு விசாரணை செய்கிறவர் சாட்சியின் முகத்தை ஒரு கண்ணாலும் தட்டச்சரின் திரையை ஒரு கண்ணாலும் பார்க்க வேண்டும். தப்பாக அடித்திருந்தால் அப்போதே எழுந்து சொல்ல வேண்டும்.

கிரிமினல் வழக்கில் இன்னும் நுணுக்கம். ஒரு சாட்சி போலீசில் சொல்லாத ஒன்றைக் கோர்ட்டில் புதிதாகச் சொல்கிறார் என்று வையுங்கள். "எதிரி கையில் கத்தி இருந்ததைப் பார்த்தேன்." (எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்.) போலீஸ் வாக்குமூலத்தில் கத்தி இல்லை. ஜூனியர் எழுந்து, "இதை நீங்கள் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை" என்று கேட்பார். சாட்சி, "சொன்னேன்" என்பார். ஜூனியர் சாதித்துவிட்டதாக உட்கார்ந்துவிடுவார். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கடைசியில் புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவரிடமும் கேட்டு, "அ.சா.3 (அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி) என்னிடம் விசாரணையில் கத்தியைப் பற்றிச் சொல்லவில்லை" என்ற வரியை வாங்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் முரண்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்பீலில் எப்பேர்ப்பட்ட சீனியர் வந்தாலும் போலீஸ் வாக்குமூலத்தை நேராக எடுத்துப் படித்துக் காட்ட முடியாது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. சாட்சியச் சட்டத்தில் இதற்கான பிரிவு 145 ஆக இருந்தது, இப்போது 148. எண்தான் மாறியது, இந்த வேலை மாறவில்லை.

நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த நான்காவது வருடம். பணம் கொடுத்தது சம்பந்தமான வழக்கு, நான் பிரதிவாதி பக்கம். வாதி ஒரு ரசீதின் ஜெராக்ஸை நீட்டி வாதி சான்றாவணமாகக் குறியிடச் சொன்னார். நான் அந்த நேரம் பார்த்து டைரியில் அடுத்த வழக்கின் வாய்தா தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன். நீதிபதி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். 'ஆட்சேபணையின்றி' என்று பதிவானது. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில், அசல் இல்லாத ஜெராக்ஸ் எப்படிச் செல்லும் என்று ஆவேசமாகப் பேசினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "குறியிடும்போது நீங்கள்தானே இருந்தீர்கள்?" என்றார். ஆர்.வி.இ. வெங்கடாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னது இதைத்தான்: ஆவணத்தை நிரூபிக்கும் முறையைப் பற்றிய ஆட்சேபணையைக் குறியிடும்போதே எழுப்ப வேண்டும், அப்போது சும்மா இருந்துவிட்டு மேல்முறையீட்டில் எழுப்பக் கூடாது. உடனே சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அசலைத் தேடிக் கொண்டுவந்திருக்கலாம் அல்லவா, அந்த நியாயம்தான். முத்திரைத் தீர்வை குறைவாக உள்ள பத்திரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதி, முத்திரைச் சட்டம் 36-ஆம் பிரிவு. நம் பக்கம் பாகப் பிரிவினை வழக்குகளில் பதிவு செய்யாத கூர்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதிய சீட்டு, வராத வழக்கு அபூர்வம். அது வெளியே வருகிற நொடியில் வக்கீல் எழுந்து நிற்க வேண்டும்.

இந்த மாதிரி விஷயங்களை ஹைகோர்ட் சேம்பரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. அங்கே வரும்போது கட்டு ஆறிப்போய்த்தான் வரும்.

வேலூரில் என்ன வழக்கு கிடைக்கும் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர்களை ஊடுருவிப் போகிறது, அதனால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குக்குப் பஞ்சமே இல்லை. பலர் இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்த 28 வயதுக்காரர் விபத்தில் இறந்துவிட்டார், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் இருக்கிறார்கள். சம்பளம் மாதம் 15,000 என்று நிரூபித்தால் ஒரு தொகை, 12,000 தான் நிரூபணமானால் வேறு தொகை. வித்தியாசம் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 50,400. சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 37,800. வருட இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 17. ஆக 6,42,600 ரூபாய்! சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, வங்கிப் பாஸ்புக் இவற்றை ஒழுங்காகக் குறியிட்டு, கம்பெனி ஆளைச் சம்மன் போட்டுக் கூண்டேற்றினால் அந்த விதவை கைக்கு வரும் பணம் இது. சோம்பேறித்தனமாக விட்டால் தீர்ப்பாயம் ஏதோ ஒரு உத்தேச வருமானத்தை எடுத்துக்கொள்ளும். அப்பீலில் ஹைகோர்ட் உயர்த்திக் கொடுக்கலாம், ஆனால் அதுவும் கட்டில் இருப்பதை வைத்துத்தான். ஊனம் சம்பந்தமான வழக்கென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டுக்கும் சி.எம்.சி. ரெக்கார்டு பிரிவுக்கும் அலைய வேண்டியிருக்கும். இங்கே ஒன்று: வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அந்தப் பழக்கத்தில் சேர வேண்டாம்.

செக் வழக்குகள், பாகப் பிரிவினை, நிலத் தகராறு, ஜாமீன், குடும்ப நல வழக்கு, இவையெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு, விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஜில்லாவுக்கென்று ஒரு பெயர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த காலத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் பாழாக்குவதைப் பற்றி வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தெளிவாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. இன்றைக்கு இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பிள்ளை வேலூர் பெயரைச் சொல்லாமல் பரீட்சை எழுத முடியாது. அதன் தொடர்ச்சியாகப் பாலாறு விஷயம் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. முப்பது வருடமாகியும் ஓயவில்லை என்பது தனிக் கதை.

பழைய ஆள் ஒருவரையும் சொல்கிறேன். சென்னையில் எத்திராஜ் மகளிர் கல்லூரியைத் தொடங்கிய வி.எல். எத்திராஜ் வேலூரில் பிறந்தவர், கிரிமினல் வக்கீல். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் தண்டனை ஆகி, ஹைகோர்ட்டிலும் தோற்று, வெள்ளைக்காரர் காலத்தில் கடைசி அப்பீல் இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் வழக்கு மறுபடியும் ஹைகோர்ட்டுக்கே திரும்பியது. 1947-இல் எத்திராஜ் வாதாடினார், இருவரும் விடுதலையானார்கள். விசாரணையில் பதிவான அதே சாட்சியங்கள்தான், புதிதாக யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை. இருக்கிற பக்கங்களை எப்படிப் படித்துக் காட்டுவது என்பதுதான் அப்பீல்.

சரி, அப்பீல் வேலை எப்படி இருக்கும்? முக்கால்வாசி படிப்பு, கொஞ்சம் எழுத்து, மிகக் கொஞ்சம் பேச்சு. நானூறு பக்கக் கட்டை மூன்று பாயிண்டாகச் சுருக்க வேண்டும். அப்பீலை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கிற அட்மிஷன் கட்டத்தில் நீதிபதியின் கவனத்தைப் பிடிக்க ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் அந்த மூன்றில் எது பலமானதோ அது வெளியே வந்துவிட வேண்டும். இங்கே விசாரணையில் பழகியவர்கள் அங்கே போய், "வாதியின் தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்" என்று ஆதியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆறு மாதம் அடிபட்டுத்தான் திருந்தினேன்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். கீழ் நீதிமன்றங்களில் நம் மொழி தமிழ், 1976-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி அப்படிச் செய்தார்கள். ஹைகோர்ட்டில் ஆங்கிலம். ஆகவே சாட்சியம் முழுக்க மொழிபெயர்த்து, டைப் அடித்த தொகுப்பாக (டைப் செட்) போட வேண்டும். ஒருமுறை எங்கள் கட்டில் 'பங்காளி' என்ற வார்த்தையை மொழிபெயர்ப்பவர் 'பார்ட்னர்' என்று போட்டுவிட்டார். நீதிபதி, "கூட்டு வியாபாரப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார். அவர்கள் வியாபாரமே செய்யவில்லை, ஒரே கொள்ளுத்தாத்தா வழியில் வந்து இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள். நல்லவேளை, நீதிபதி தமிழர், சிரித்துவிட்டார். 'சுவாதீனம்', 'அனுபவம்', 'வாரிசு' போன்ற வார்த்தைகளுக்கு ஊரில் என்ன பொருள், கோர்ட்டில் என்ன பொருள், ஆங்கிலத்தில் எது சரியாக உட்காரும் என்று தெரிந்த வக்கீலுக்குச் சென்னையில் தனி மதிப்பு. குடியாத்தம் பெண்ணுக்கு இது குறையல்ல, முதலீடு. ஆனால் ஆங்கிலத்தில் சட்டம் எழுதப் பழக வேண்டும். தினம் ஒரு தீர்ப்பைப் படித்து அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதச் சொல்லுங்கள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. சிவில் மேல்முறையீட்டுக்கு ஜில்லா நீதிமன்றங்களில் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். கிரிமினலில் 30, 60. தீர்ப்பு நகல் தயாராகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் நகலின் கடைசிப் பக்கத்தில் உள்ள முத்திரை: நகல் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி. நகல் தயாராகி நாம் பத்து நாள் கழித்து வாங்கினால் அந்தப் பத்து நாளைக் கழிக்க முடியாது. நல்ல குமாஸ்தா இருந்தால் இதை அவரே பார்த்துக்கொள்வார். ஜூனியர்கள் முதல் வருடம் சீனியரைவிடக் குமாஸ்தாவிடம்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள், அவரை 'அண்ணே' என்று கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, அப்பீல் போட்டுவிட்டாலே எல்லாம் நின்றுவிடும் என்று கட்சிக்காரர்கள் நினைப்பார்கள். ஸ்டே வாங்காவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றுகிற கோர்ட் ஊழியரான அமீனா ஆளோடு வந்து கதவைத் தட்டுவார். கிரிமினலிலும் இப்படித்தான். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், ஜாமீனில் இருப்பவருக்கு அப்பீல் போகும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே உத்தரவு போடலாம். அதனால் தீர்ப்பு நாளன்று மனுவும் டைப் ஆகியிருக்க வேண்டும், இரண்டு ஜாமீன்தாரர்கள் வீட்டு வரி ரசீதோடு வராந்தாவில் நிற்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கட்சிக்காரர் அன்று இரவு தொரப்பாடியில் உள்ள வேலூர் மத்திய சிறையில்.

வருமானம். மறைக்காமல் சொல்கிறேன். பதிவுக் கட்டணம் பயப்படும்படி இல்லை. பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். ஜூனியருக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் நம் பக்கத்துச் சீனியர்களில் அந்தத் தொகையை உண்மையில் கொடுப்பவரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பலருக்கு அவர்கள் வருமானமே தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. முதல் மூன்று வருடம் பஸ் செலவும் சாப்பாடும் வீட்டிலிருந்து போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வருடம் சொந்த வக்காலத்து சில வரும். ஏழெட்டு வருடத்தில் ஓர் அரசு ஊழியர் அளவுக்கு நிற்கலாம், ஆனால் மாதாமாதம் ஒரே தொகை ஒருபோதும் வராது. கோடை விடுமுறையான மே மாதத்தில் கை வறண்டு போவது எனக்கு இன்றைக்கும் உண்டு.

சீனியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விதி இருக்கிறது. பெயர் பெரிய சீனியரைவிட, வாரத்துக்கு நாலைந்து சாட்சி விசாரணையாவது நடத்துகிற சீனியர் வேண்டும். ஜூனியரைக் குறுக்கு விசாரணை செய்ய விடுவாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வெறும் வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிறவரிடம் பத்து வருடம் இருந்தாலும் வக்கீல் ஆக முடியாது. சில அலுவலகங்களில் பெண் ஜூனியர் என்றால் குடும்ப நலக் கோர்ட்டுக்கு மட்டும் என்று எழுதாத சட்டம் உண்டு. அங்கே சேர வேண்டாம். இன்னொரு நடைமுறை விஷயம்: சீனியர் ஆபீஸ் சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் சூடு பிடிக்கும், கட்சிக்காரர்கள் அப்போதுதான் வருவார்கள். வேலூரில் சேர்ந்தால் ராத்திரி குடியாத்தம் பஸ் பிடிக்கிற பாடு உண்டு. முதல் இரண்டு வருடம் குடியாத்தம் கோர்ட்டிலேயே நல்ல சீனியர் கிடைத்தால் அது மோசமில்லை. சிறிய கோர்ட்டில் ஜூனியருக்கு எழுந்து நிற்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வரட்டும், செஷன்ஸ் வழக்குகள் அங்கேதான்.

நடுவில் மனசு மாறி நீதிபதித் தேர்வு எழுத நினைத்தாலும் இந்த வருடங்கள் வீணாகாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது.

ஐந்து வருடம் முடிந்ததும், தான் நடத்திய வழக்குகளின் அப்பீலைத் தூக்கிக்கொண்டு தானே சென்னை போகட்டும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் நம் ஊர் கறுப்புக் கோட்டுகள் நாலைந்து பேர் கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அரக்கோணம் தாண்டுவதற்குள் வாதம் தயாராகிவிடும். அங்கே ஒரு சீனியரோடு தொடர்பு வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் அவர் பேச இவள் பின்னால் நின்று பக்க எண் எடுத்துக் கொடுக்கட்டும். பக்க எண் எடுத்துக் கொடுக்கிறவருக்குத்தான் கட்டு முழுதாகத் தெரிந்திருக்கும். ஒருநாள் சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொள்வார், அன்றைக்கு இவள் பேசியாக வேண்டும். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு புதன் அல்லது வியாழக்கிழமை தறியை நிறுத்திவிட்டு மகளோடு சத்துவாச்சாரிக்கு வாருங்கள். திறந்த நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்காரலாம், செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரு செஷன்ஸ் வழக்கில் குறுக்கு விசாரணை நடக்கிற கோர்ட்டாகப் பார்த்து மத்தியானம் வரை இருங்கள். பாதி நேரம் ஒன்றுமே நடக்காது. சாட்சி வரவில்லை, வாய்தா, மறுபடி வாய்தா. அந்த அலுப்பிலும் உங்கள் மகள் எழுந்து போகாமல், தட்டச்சர் என்ன அடிக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், வரும் வழியில் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வரலாம்.